கோல் காவலர் பார்போசாவின் இருபது ஆண்டுகள்

(வெள்ளிவிழாவின் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்கு அளித்த பொருள் ‘விளையாட்டும் முன்னேற்றமும்’ என்பதாகும். இப்பொருள் பற்றிப் பேசுவோர் உடல் நலம், ஒழுக்கம், ஒற்றுமை என்று மூன்றை அடுக்கிச் சொல்லிவிட்டு அமர்வது வழக்கம். அவற்றையெல்லாம் நீங்கள் உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடமே பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகவே நாம் அவ்வழியே செல்லாமல், ஒரே ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அதை முழுமையாகச் சொல்ல முற்படுகிறோம். அவர் பிரேசில் நாட்டவர். கறுப்பின மக்களுள் பிறந்தவர். கால்பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோல் காத்தவர். பெயர் மொவாசீர் பார்போசா.

கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். பதின்மர் ஓடி ஆடுவர். ஒருவர் மட்டும் கம்பங்களுக்கு இடையே நிற்பார். அவரைக் கோல் காவலர் என்று நாம் சொல்கிறோம். நம் பிள்ளைகள் ‘கோலி’ என்று சுருக்கி விடுவர். இரு கம்பங்களுக்கும் இடைவெளி 7.32 மீட்டர், குறுக்குக் கட்டையின் உயரம் 2.44 மீட்டர். இவ்வளவு பெரிய வாயிலை ஒரு மனிதர் தம் உடம்பாலும் கைகளாலும் காத்தல் வேண்டும். பள்ளிகளில் அணி பிரிக்கும்பொழுது, வேறெங்கும் ஆட லாயக்கில்லை என்று எண்ணப்படும் பையனையே கொண்டுபோய்க் கோலில் நிறுத்துவதை நம் ஆசிரியப் பணிக் காலம் முழுவதும் பார்த்து வருகிறோம். முன்வரிசை ஆட்டக்காரர் பத்து முறை பந்தை வெளியே அடித்துவிட்டு ஒரு முறை கோல் போட்டால் அவரைத் தோளில் தூக்கி ஆடுவர். கோல் காவலர் பத்து முறை தடுத்து ஒரு முறை விட்டுவிட்டாலோ அந்த ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பர். இது அத்தொழிலுக்கு உள்ள பொது இடர்; எந்த நாட்டவர்க்கும் எந்த நிறத்தவர்க்கும் உண்டு. பார்போசாவுக்கு இந்தப் பொது இடருக்கு மேலும் ஒன்று நேர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

அவர் 1921 மார்ச் 27ஆம் நாள் சாவோ பாவுலோ மாநிலத்தைச் சேர்ந்த காம்பினாஸ் நகரில் பிறந்தார். பிரேசிலில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1888 மே 13ஆம் நாள். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் கடைசியாக அடிமைகளை விடுவித்த நாடு அதுவே. அந்த நாளுக்கும் பார்போசாவின் பிறப்புக்கும் இடையே 33 ஆண்டுகள்தாம். அடிமையாய்ப் பிறந்து, காப்பித் தோட்டங்களில் உழைத்து, விடுதலை கண்ட முதியோர் பலர் உயிரோடிருந்த காலம் அது. விடுதலைச் சட்டம் அவர்களுக்கு நிலமும் தரவில்லை, பள்ளியும் தரவில்லை. இதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

பார்போசா தொடக்கத்தில் கோல் காவலர் அல்லர். முன்வரிசையில் ஓரத்தில் ஓடி ஆடியவர். பிறகுதான் கம்பங்களுக்கு இடையே வந்தார். 1942 அளவில் சாவோ பாவுலோவின் இபிரங்கா கழகத்துக்கு ஆடினார். 1945இல் ரியோ டி ஜெனிரோவில் உள்ள வாஸ்கோ ட காமா கழகம் அவரை அமர்த்திக்கொண்டது. பிரேசிலில் 1933இலேயே கால்பந்தாட்டம் தொழில்முறை ஆட்டமாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. ஆகவே அது அவருக்குப் பொழுதுபோக்கன்று. ஊதியம் பெறும் வேலை.

வாஸ்கோ ட காமா என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் கள்ளிக்கோட்டைக்கு வந்திறங்கிய போர்த்துகீசிய மாலுமி நினைவுக்கு வருவார். அவரேதான். அவருடைய கடற்பயணத்தின் நானூறாம் ஆண்டை ஒட்டி, 1898இல், ரியோவில் குடியேறிய போர்த்துகீசியர் சிலர் படகோட்டுவதற்காக ஒரு கழகம் தொடங்கி, அதற்கு அவர் பெயரை இட்டனர். கால்பந்து பின்னர் வந்தது. இக்கழகத்தின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. கல்விக் கழகத்தின் விழா மேடையில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் போவது நமக்குத் தகாது. சற்று விரித்துச் சொல்லுகிறோம்.

அந்நாளில் ரியோவின் பெருங்கழகங்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியவை. வாஸ்கோ மட்டும் கறுப்பர், கலப்பினத்தவர், ஏழைத் தொழிலாளர் என்று பாராது, ஆடத் தெரிந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டது. இப்படிப்பட்ட அணியுடன் 1923இல் முதல்தர ஆட்டத்துக்கு ஏறி வந்து, வந்த ஆண்டிலேயே ரியோவின் பட்டத்தையும் வென்றது. பெருங்கழகங்களுக்கு இது பொறுக்கவில்லை. புளூமினென்சே, பிளாமெங்கோ, பொட்டாபோகோ முதலிய கழகங்கள் பிரிந்து சென்று 1924இல் புதுச் சங்கம் ஒன்றை அமைத்தன. அச்சங்கத்தில் சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டு வரவேண்டும் என்று வாஸ்கோவிடம் சொல்லப்பட்டது. கறுப்பர் என்ற காரணத்தை யாரும் எழுத்தில் வைக்கவில்லை.  அவர்களுடைய தொழில் சரியில்லை, சமூகத் தகுதி போதாது என்றே பேசப்பட்டது.

எழுத்தறிவும் ஒரு வேலியாக நிறுத்தப்பட்டது. ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர் தம் கையால் பெயரெழுதிக் கையொப்பம் இடுதல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. படிக்க வைக்காதவர்களே படிக்காதவர்களைத் தடுப்பதற்கு இயற்றிய விதி இது. வாஸ்கோ கழகத்தார் என்ன செய்தனர் தெரியுமா? விதியைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. எழுத்தறியாத ஆட்டக்காரர்களை உட்கார வைத்து எழுத்துக் கற்பித்தனர். பந்தை உதைக்க வந்தவர்கள் பலகைக்கு முன்னும் அமர்ந்தனர். நிலையான வேலை இல்லை என்ற குறையைச் சொல்லாதிருக்கும்படி, கழகத்தைச் சேர்ந்த வணிகர் தம் கடைகளில் அவர்களுக்கு வேலையும் காட்டினர்.

ஆயினும் 12 பேரையும் கைவிடு என்ற கட்டளை நின்றது. 1924 ஏப்ரல் 7ஆம் நாள் வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்டோ பிரெஸ்டெஸ் புதுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். வாழ்வின் தொடக்கத்தில் இருக்கும் அந்த இளைஞர்களை இவ்வாறு ஊரறிய இழிவுபடுத்துவதற்கு இடம் தர இயலாது. ஆகவே சங்கத்தில் சேரும் எண்ணத்தையே விட்டுவிடுகிறோம் என்பது அதன் கருத்து. கடிதம் பிரேசிலில் இன்றும் போற்றப்படுகிறது. மறு ஆண்டே வாஸ்கோ அச்சங்கத்தில் சேர்க்கப்பட்டது. உங்களுக்குச் சொந்தத் திடல் இல்லையே என்று ஏளனம் செய்தவர்களுக்கு விடையாக, ஆதரவாளர்களிடம் பணம் திரட்டி, 1927 ஏப்ரல் 21ஆம் நாள் சாவோ ஜானுவாரியோ என்னும் அரங்கத்தையும் கட்டித் திறந்தனர்.

இதனுடன் நம் நாட்டுச் செய்தி ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பல்வங்கர் பாலூ, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அதற்கு முன்பு பூனாவில் ஆடிய காலத்தில், அவர் வீசும் பந்து வேண்டும் என்றவர்கள், இடைவேளைத் தேநீரை அவருக்கு மட்டும் கூடத்துக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தனர். அணித் தலைமை அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. 

ஆகவே 1945இல் பார்போசா வாஸ்கோவின் வாயிலுக்குள் நுழைந்தபோது, அவ்வாயில் அவருக்கு முன்னரே சிலரால் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அவர் நுழைந்த பின் செய்தவை அவருடைய உழைப்பு. 1945, 1947, 1949 ஆகிய ஆண்டுகளில் வாஸ்கோ ரியோவின் பட்டத்தை வென்றது. 1948இல் சிலி நாட்டின் சந்தியாகோ நகரில் தென்னமெரிக்க நாடுகளின் வாகைக் கழகங்கள் ஏழு கூடி ஆடின. வாஸ்கோ ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் கோப்பையைப் பெற்றது. முடிவை உறுதிசெய்த ஆட்டம் அர்ஜென்டினாவின் பெயர்பெற்ற ரிவர் பிளேட் கழகத்துடன். 0–0 என்று முடிந்த அந்த ஆட்டத்தில், லாபுருனா என்ற பேராட்டக்காரர் அடித்த பெனால்டியைப் பார்போசா தடுத்தார். 1949இல் பிரேசில் நாட்டணி தென்னமெரிக்கப் பட்டத்தை வென்றபோதும் கோலில் நின்றவர் அவரே.

அவர் கையுறை அணிந்து ஆடியவர் அல்லர். பந்து கையில் படுவதை உணர வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்நாளைய தோல் பந்தோ மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். அவருடைய விரல்கள் பலமுறை முறிந்தன. முதுமையில் அவர் கைகள் கோணிப் போயிருந்தன. தச்சரும் கொல்லரும் தம் தொழிலைக் கையில் சுமப்பது போல அவரும் சுமந்தார்.

இனி 1950. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த முதல் உலகக் கோப்பைப் போட்டி பிரேசிலில் நடந்தது. அதற்கென்றே ரியோவில் மாரக்கானா என்னும் பேரரங்கம் எழுப்பப்பட்டது. அவ்வாண்டு இறுதி ஆட்டம் என்று தனியாக ஒன்றில்லை; நான்கு நாடுகள் ஒன்றுடன் ஒன்று மோதி, புள்ளி மிகுந்தது வெல்லும் என்ற ஏற்பாடு. பிரேசில் சுவீடனை 7–1 என்றும் ஸ்பெயினை 6–1 என்றும் வென்றிருந்தது. கடைசியாக ஜூலை 16ஆம் நாள் உருகுவேயுடன் ஆட்டம். பிரேசிலுக்கு வெற்றிகூடத் தேவையில்லை, சமநிலையே போதும். அன்று சீட்டு வாங்கி உள்ளே வந்தவர் மட்டும் 1,73,850 பேர். ஆட்டம் தொடங்கு முன்னரே ரியோ நகரத் தலைவர் தம் அணியை உலக வாகையர் என்று ஒலிபெருக்கியில் வாழ்த்தினார். ஒரு நாளிதழ் அணியின் படத்தை வெளியிட்டு, இவர்களே உலக வாகையர் என்று அச்சிட்டுவிட்டது. விதைக்குமுன் அறுவடைக் கணக்கு எழுதிய கதைதான்.

இடைவேளைக்குப் பின் 47ஆம் நிமிடத்தில் பிரியாசா பிரேசிலுக்காகக் கோல் போட்டார். 66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் வலது ஓர ஆட்டக்காரர் கிஜ்ஜா, பிகோடே என்ற தடுப்பாளரைக் கடந்து ஓடி, பந்தை உள்நோக்கித் தள்ளினார். ஷியாஃபினோ அதைக் கோலாக்கினார். ஆட்டம் 1–1. அப்போதும் பிரேசிலே வாகை. 79ஆம் நிமிடத்தில் கிஜ்ஜா அதே வழியில் மறுபடியும் ஓடி வந்தார்.

இவ்விடத்தில் கோல் காவலரின் நிலையை நன்றாக எண்ணிப் பாருங்கள். ஓரத்திலிருந்து வருபவன் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். தானே கோலுக்கு அடிக்கலாம். அல்லது முன்னர் செய்தது போல நடுவில் நிற்கும் தோழனுக்குத் தள்ளலாம். காவலர் அருகிலுள்ள கம்பத்தை ஒட்டி நின்றால் நடுவில் இருப்பவனுக்கு வாயில் திறந்து கிடக்கும். நடுவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தால் கம்பத்தோரம் இடைவெளி உண்டாகும். இரண்டையும் ஒருங்கே அடைக்க மனித உடம்பால் ஆகாது. பதின்மூன்று நிமிடங்களுக்கு முன் இதே ஓட்டத்தின் முடிவில் பந்து நடுவுக்குப் போனதைத் தம் கண்ணால் கண்ட பார்போசா, நடுவை நோக்கி ஓரடி வைத்தார். அனுபவம் உள்ளவன் செய்வது அதுவே. கிஜ்ஜா இம்முறை தாமே அடித்தார். பந்து காவலரின் இடப்புறம், அவருக்கும் கம்பத்துக்கும் இடையே புகுந்தது. தாம் பந்தைத் தொட்டு வெளியே தள்ளிவிட்டதாகவே எண்ணியதாகவும், அரங்கம் முழுவதும் அடங்கிப்போன பிறகே திரும்பிப் பார்த்துப் பந்து வலைக்குள் இருப்பதை உணர்ந்ததாகவும் பார்போசா பிற்காலத்தில் சொன்னார்.

அதன் பிறகும் 11 நிமிடங்கள் இருந்தன. ஒரு கோல் போட்டிருந்தால் போதும். சமநிலை, அதனால் கோப்பை. அந்தப் போட்டி முழுவதிலும் 22 கோல் போட்ட பிரேசிலின் முன்வரிசையால் அந்த ஒன்றைப் போட முடியவில்லை. ஆறு ஆட்டங்களிலும் சேர்த்துப் பார்போசா விட்ட கோல்களும் 6தாம். கணக்கறிந்த எவரும் இதைக் கூட்டிப் பார்த்திருக்கலாம்.

யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. பயிற்சியாளரையும் சிலர் குறை கூறினர் என்பது உண்மை. ஆயினும் நாட்டின் நாவில் நிலைத்த பெயர்கள் மூன்று: பார்போசா, பிகோடே, ஜுவெனால். மூவரும் கறுப்பர். கறுப்பருக்கு நெருக்கடியில் நெஞ்சுறுதி இராது என்று பேசினர். கோலில் கறுப்பரை நிறுத்துவது ஆகாது என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அன்று உருகுவே அணியைத் தலைமை தாங்கி, முதல் கோல் விழுந்ததும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு நிதானமாக நடந்து, தம் தோழர்களுக்கு நெஞ்சுறுதி ஊட்டிய ஒப்துலியோ வரேலா ஆப்பிரிக்க வழிவந்தவர். அவருடைய நாட்டார் அவரைக் ‘கறுப்புத் தலைவர்’ என்றே அழைத்தனர். வென்றவரின் நெஞ்சுறுதி இனத்துக்கு வரவு வைக்கப்படவில்லை. தோற்றவரின் தவறு மட்டும் இனத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

பிரேசிலில் நிற வேற்றுமையே இல்லை என்று அந்நாட்டின் மேலோர் அக்காலத்தில் பெருமை பேசிவந்தனர். அதே 1950 ஜூலையில், காதரின் டன்ஹம் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கக் கறுப்பின நடனக் கலைஞருக்குச் சாவோ பாவுலோவின் உயர்ந்த ஓட்டல் ஒன்றில் அறை மறுக்கப்பட்டது. அதனால் எழுந்த கண்டனத்தின் விளைவாக 1951 ஜூலை 3ஆம் நாள் நிற வேற்றுமையைத் தடை செய்யும் முதல் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. ஓட்டல் வாயிலுக்குச் சட்டம் வந்தது. கோல் வாயிலில் நின்றவரைப் பற்றிய பேச்சுக்கு எந்தச் சட்டமும் வர இயலாது.

இளைஞர்களே, இது தொலைதூரத்துச் செய்தி என்று எண்ண வேண்டா. தேர்வு முடிவுகள் வரும் நாளில் ஆசிரியர் அறைகளில் எழும் பேச்சை நாம் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். ஒரு வீட்டுப் பையன் தோற்றால், படிக்கவில்லை, ஊர் சுற்றினான் என்பர். பழி அவனோடு நிற்கும். நம் பிள்ளை தோற்றால் அவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘இவர்களுக்குச் சலுகை கொடுத்தும் என்ன பயன்’ என்பார்கள். ஒருவனுடைய கணக்குப் பாடத் தோல்வி ஒரு மக்கள் கூட்டத்தின் தோல்வியாகிவிடும். வேலைக்குப் போன நம்மவர் ஒருவர் கோப்பில் ஒரு பிழை செய்தாலும் இதே கதைதான். அவர் முன்னும் பின்னும் பிழையின்றிப் பார்த்த கோப்புகளை எவரும் எடுத்து வைத்து எண்ணுவதில்லை. இச்சுமையைத் தெரிந்தோ தெரியாமலோ நம் பிள்ளைகள் தேர்வு மண்டபத்துக்குள் சுமந்து செல்கின்றனர். அவர்கள் கை நடுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

பார்போசாவைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர். அவருக்காக இரங்குவோரும் அந்த 79ஆம் நிமிடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி இரங்குகின்றனர். இது நமக்கு உடன்பாடன்று. பழித்தவர்கள் அவர் வாழ்வை ஒரு நிமிடமாகச் சுருக்கினார்கள் என்றால், இரங்குகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். அந்த நிமிடத்துக்குப் பின் அவர் இன்னும் 12 ஆண்டுகள் ஆடினார். அதைக் கேளுங்கள்.

1950ஆம் ஆண்டுக்குரிய ரியோ பட்டத்தின் முடிவு ஆட்டம் 1951 ஜனவரியில், அதே மாரக்கானாவில், அமெரிக்கா என்னும் கழகத்துடன் நடந்தது. வாஸ்கோ 2–1 என்று வென்றது. ஆறு மாதங்களுக்கு முன் தாம் நின்று தோற்ற அரங்கத்துக்குள் பார்போசா மறுபடியும் நடந்து சென்று, பட்டத்துடன் வெளியே வந்தார். 1951 ஏப்ரலில் வாஸ்கோ உருகுவேயின் தலைநகருக்கே சென்று, பெனரோல் கழகத்துடன் மோதியது. கிஜ்ஜா, ஷியாஃபினோ, வரேலா ஆகியோர் அனைவரும் அக்கழகத்தவரே. வாஸ்கோ 3–0 என்று வென்றது. பின்னர் ரியோவில் நடந்த மறு ஆட்டத்திலும் 2–0. இரண்டு ஆட்டங்களிலும் கிஜ்ஜாவின் கழகத்தால் வாஸ்கோவுக்கு எதிராக ஒரு கோலும் போட முடியவில்லை. இதை உலகில் எத்தனை பேர் அறிவர்? உலகக் கோப்பைக்கு இது ஈடாகாது என்பர், ஆம், ஈடாகாது. ஆனால் ஒருவரின் நெஞ்சுறுதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வருகிறவர் இதையும் பார்க்கக் கடமைப்பட்டவர் அல்லரா?

1952இல் மறுபடியும் ரியோ பட்டம். நாட்டணிக்கு 1953இல் தென்னமெரிக்கப் போட்டியில் ஒரு முறை அழைத்தனர், அத்துடன் சரி. அவ்வாண்டே ஓர் ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்தது. வயது 32. கோல் காவலர் பலருக்கு அதுவே முடிவாகியிருக்கும். அவர் எழுந்து நடந்தார். 1955இல் வாஸ்கோவை விட்டு வடகிழக்கே ரெசிபே நகரின் சாந்தா குரூஸ் கழகத்துக்குப் போனார். பின்னர் ரியோவின் சிறு கழகமாகிய போன்சுசெசோவுக்கு ஆடினார். பெரிய மேடையிலிருந்து இறங்கிச் சிறிய மேடையில் ஆடுவதை அவர் இழிவாகக் கருதியதாகத் தெரியவில்லை. 1958இல் வாஸ்கோ அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவ்வாண்டும் ரியோ பட்டம் வாஸ்கோவுக்கே. 1959இல், 38 வயதில் அவர் ஆடிய ஆட்டத்தைக் கண்டு வியந்து, நெல்சன் ரொட்ரிகெஸ் என்ற பெரும் நாடகாசிரியர் பத்திரிகையில் எழுதினார். கடைசியாகக் காம்போ கிராண்டே என்னும் சிறு கழகத்தில் ஆடி, 1962இல், 41ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 1950இல் அவரோடு ஆடிய பலர் அதற்குள் ஆட்டத்தை விட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆட்டத்தில் அவர் பெரும்பொருள் சேர்க்கவில்லை. அக்காலத்து ஊதியம் அத்தகையது. ஓய்வுக்குப் பின் மாரக்கானா அரங்கத்தின் நீச்சல் குளப் பிரிவிலேயே வேலை பார்த்தார். நாள்தோறும் அந்த வாயில் வழியாகவே வேலைக்குப் போய்வந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். மாரக்கானாவின் பழைய மரக் கோல் கம்பங்களை மாற்றியபோது அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், நண்பர்களை அழைத்து, அவற்றை விறகாக்கி இறைச்சி சுட்டு விருந்து வைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. எழுத்தாளர்களுக்கு மிகவும் பிடித்த கதை. நமக்கு அவர் காலையில் எழுந்து அங்கே வேலைக்குப் போனதே பெரிதாகப் படுகிறது.

1970இல் ஒரு கடையில் தம்மைக் கண்ட பெண்மணி ஒருவர், உடன் வந்த சிறுவனிடம் தம்மைச் சுட்டிக்காட்டி, பிரேசிலையே அழ வைத்தவர் இவர்தான் என்று சொன்னதாக அவர் கூறியுள்ளார். அந்தச் சிறுவன் 1950இல் பிறந்தே இருக்க மாட்டான். 1993இல் பிரேசில் அணி பயிற்சி செய்த முகாமுக்கு அணியினரைக் காணச் சென்றவரை, துரதிர்ஷ்டம் தொற்றும் என்று உள்ளே விடவில்லை. அவர் வயது அப்போது 72. தீட்டு என்ற சொல் போர்த்துகீசிய மொழியில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. வழக்கம் என்னவோ அங்கும் இருந்தது. பிரேசில் சட்டத்தில் மிகப் பெரிய தண்டனை முப்பதாண்டு, தாமோ ஐம்பதாண்டு அனுபவித்துவிட்டதாக அவர் கடைசிக் காலத்தில் சொன்னார். மனைவியை இழந்த பின் சாவோ பாவுலோ கடற்கரையில் பிராயா கிராண்டே என்ற ஊரில் எளிமையாக வாழ்ந்து, 2000 ஏப்ரல் 7ஆம் நாள் 79ஆம் வயதில் மறைந்தார். வாஸ்கோவின் தலைவர் அக்கடிதத்தை எழுதியதும் ஓர் ஏப்ரல் 7ஆம் நாளே.

2014 ஜூலை 8ஆம் நாள் பெலோ ஹொரிசோன்டே நகரில் பிரேசில் தன் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் 1–7 என்று தோற்றது. அன்று பழி அணி முழுவதன் மீதும், பயிற்சியாளர் மீதும், நாட்டின் கால்பந்துச் சங்கத்தின் மீதும் பரவலாக விழுந்தது. அப்படி விழுவதே முறை. பார்போசா இனி அமைதியாக உறங்கலாம் என்று அப்போது பலர் எழுதினர். அவர் மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோலில் கறுப்பர் ஆகாது என்ற பேச்சு என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். 1966 உலகக் கோப்பையில் மாங்கா என்பவர் ஓர் ஆட்டத்தில் நின்றார். அதன் பிறகு நெடுங்காலம் எவரும் இல்லை. 2006இல் ஜெர்மனியில் நடந்த போட்டியில்தான், பாகியா மாநிலத்தில் பிறந்த டீடா என்னும் கறுப்பர், பார்போசாவுக்குப் பின் பிரேசிலின் முதல்நிலைக் கோல் காவலராக உலகக் கோப்பையில் தொடர்ந்து ஆடினார். இடையே சென்றவை 56 ஆண்டுகள். ஐந்து ஆட்டங்களில் பிரேசிலுக்கு எதிராக விழுந்த கோல்கள் 2. கால் இறுதியில் பிரான்சிடம் 0–1 என்று தோற்று அணி ஊர் திரும்பியது. டீடா இத்தாலியில் தாம் ஆடிவந்த மிலான் கழகத்துக்கே திரும்பிச் சென்று, 2010 வரை அங்குக் கோல் காத்தார்.